ஒரு அடுப்புக்கு ஒரு தாள்

எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற வேலையில் இருப்பவர்களுக்கு வாய் ஓய்ந்திருந்தாலும் மனசு ஓயாது. உங்களில் யாராவது அப்படிப்பட்ட வேலையில் இருந்தால் என் பாடு புரியும். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில், பி.எஸ்ஸி. பொது சுகாதாரம் சொல்லித்தரும் துறைக்கு நான் அட்டெண்டர். எட்டாவது வரை படித்தேன். வயது ஐம்பத்தொன்பது. ஆனாலும் எல்லோருக்கும் அக்காதான்.

அன்று வேனில் போனவர்கள்: மூன்றாம் வருடப் பிள்ளைகள் ஆறு, அவர்களுடைய மேடம் ஒன்று, டிரைவர் ஒன்று, நான் ஒன்று. ஆக ஒன்பது. என் மடியில் கேள்வித்தாள்கள் நாற்பத்தைந்து.

போன இடம் ஜெயங்கொண்டத்தைத் தாண்டி, முந்திரிக் காட்டை ஒட்டிய ஒரு ஊர். நாற்பது குடும்பங்களிடம் கேட்டு எழுதித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாங்க மாட்டார்கள். ஆறு பேருக்கும் பட்டம் ஆறு மாதம் தள்ளிப் போகும். அதில் நிவேதா என்கிற பெண்ணுக்கு அரியலூரில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வேலை ஆறு மாதம் காத்திருக்காது. வேன் கிடைத்ததோ அந்த ஒரு நாள்தான், அதுவும் மாலை ஐந்து மணி வரை.

சட்டையை மடித்த பெரியவர்

முதல் வீட்டில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததுமே சட்டைக் கையைத் தோள் வரை மடித்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசிக்குத்தான். "ஊசியெல்லாம் இல்லீங்க தாத்தா, கேள்வி கேக்க வந்திருக்கோம்" என்றான் ஆரோக்கியராஜ். வரதராஜன்பேட்டைப் பையன், வாய்க்குப் பஞ்சமில்லாதவன்.

பெரியவர் மடித்த கையை இறக்கவில்லை. ஊசி இல்லாவிட்டால் முட்டி வலிக்கு மாத்திரையாவது கொடு என்றார். "நோய் வந்தப்புறம் பாக்குறது டாக்டருங்க. வராம பாத்துக்கிறதுதான் எங்க படிப்பு" என்று அவன் பொறுமையாக விளக்கினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்: "வராத நோவுக்கு மூணு வருசம் படிக்கிற நீ, வந்த முட்டி வலிக்கு ஒரு நாள் படிச்சிருக்கக் கூடாதா?"

கட்டத்துக்குள் அடங்காத கை

பன்னிரண்டாவது வீட்டில் ஒரு பெண் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். "கையை எதால கழுவுவீங்க?" என்று நிவேதா கேட்டாள். தாளில் இருந்த கட்டங்கள் மூன்று: சோப்பு, வெறும் தண்ணீர், கழுவுவதில்லை.

அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டினாள். விரல் நுனி வரை சாம்பல். கொட்டைப் பால் பட்டால் தோல் உரிந்துவிடும், அதனால் முதலில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவார்களாம். வேலை முடிந்து எண்ணெய் தேய்த்து, அதற்குப் பிறகுதான் சோப்பாம். நிவேதா பேனாவை மூன்று கட்டத்தின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். "ஓரத்துல எழுதும்மா," என்றாள் அந்தப் பெண், "என் கை என்ன உன் கட்டத்துக்குள்ள உக்காருமா?"

பதினொரு முட்டை

மதியத்துக்கு மேல் பூட்டிய வீடுகளாகவே இருந்தன. கொட்டை பொறுக்கும் காலம். சனம் முழுக்கக் காட்டில். மணி நாலேகாலுக்கு முப்பத்தெட்டுதான் ஆகியிருந்தது. திறந்திருந்தது ஒரே ஒரு வீடு. அங்கே ஒரு மாமியார், ஒரு மருமகள். "நாங்க தனித்தனி சமையல்" என்றாள் மாமியார், கேட்பதற்கு முன்பே. "ஆமா, தனித்தனி" என்றாள் மருமகள்.

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்று தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கிறது. இரண்டு அடுப்பு என்றால் இரண்டு குடும்பம், கணக்கு நாற்பது! மாமியாரிடம் நிவேதா ஒரு தாள், மருமகளிடம் ஆரோக்கியராஜ் ஒரு தாள். அடுப்பைப் பார்த்துவிட்டு வரும்படி மேடம் என்னை அனுப்பினார்.

மருமகள் அடுப்பில் உலை கொதித்தது. மாமியார் அடுப்பு கொல்லைத் தாழ்வாரத்தில் இருந்தது. அதற்குள் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். பதினொரு முட்டை. கொல்லைப் பக்கம் வந்த மருமகளிடம் எத்தனை நாளாக என்று கேட்டேன். "பன்னெண்டு நாளுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது நிவேதா "நாப்பது அக்கா!" என்று என் கையைப் பிடித்துக் குதித்தாள். நாலு பேர் முன்னால் பேசினால் எனக்கு வியர்த்துவிடும். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் முப்பத்தொன்பதை எப்படி நாற்பது என்று எண்ணுவது? "மேடம், ஒரு அடுப்புலதான் நெருப்பு இருக்கு. இன்னொண்ணுல கோழி இருக்கு" என்றேன்.

நிவேதாவின் முகம் வாடிவிட்டது. மேடம் ஒரு தாளைக் குறுக்கே அடித்தார். மாமியார்தான் முதலில் சிரித்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்: "மாசிமகத்தப்போ சண்டை போட்டுக்கிட்டு, இனிமே தனி அடுப்புன்னு தெருவுக்கே கேக்குறாப்புல கத்திப்புட்டோம், ரெண்டே நாள்ல ஒண்ணாயிட்டோம்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

நாற்பதாவது

மணி ஐந்துக்குப் பத்து நிமிடம். டிரைவர் ஆரன் அடித்தார். மருமகள் நிவேதாவைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். "அத்தை, நம்மாலதானே புள்ளைங்களுக்குக் கொறஞ்சு போச்சு" என்றாள். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் சேர்ந்தே தெருவில் இறங்கினார்கள். காட்டிலிருந்து அப்போதுதான் தலையில் மூட்டையோடு வந்த எதிர்வீட்டுப் பெண்ணை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

அந்தப் பெண் மூட்டையைக்கூட இறக்கவில்லை. நிவேதா கூடவே நடந்து, அவள் கதவைத் திறக்க, தண்ணீர் குடிக்க, எல்லாக் கேள்வியையும் கேட்டு முடித்தாள். கடைசியில் நானும் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன். ஒன்றுதான். சாம்பலைத் தொட்டேன், இளஞ்சூடு. "நல்லாப் பாத்துக்கங்கக்கா," என்றாள் அவள், "எங்க வூட்டுல ஒரே அடுப்பு, ஒரே சண்டை, தெனைக்கும் உண்டு!"

வேனில் ஆறு பிள்ளைகளும் போட்ட கூச்சலுக்கு நடுவே மூன்று முறை எண்ணினேன்: கொண்டுபோன நாற்பத்தைந்தில் குடும்பம் நாற்பது, கோழிக்குப் போனது ஒன்று, மிச்சம் நான்கு.