இரண்டு தெருவுக்கும் ஒரே விசில்

1. விசில் என் கைக்கு வந்த விதம்

பங்குத் திருவிழா விளையாட்டின் கடைசி நாள் காலையில் ஃபாதர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். அந்தக் கடலோரப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயா. மணி அடிப்பது, வகுப்பறை திறப்பது, பந்து அறைச் சாவியை வைத்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. என் கைக்கு வந்த சாவி ஒன்றும் தொலைந்ததில்லை. நாற்காலி எடுத்துப் போடச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். மேசைமேல் ஒரு விசில் கிடந்தது.

"ரத்தினபாய், இன்னைக்கு பாஸ்கெட்பால் பைனலுக்கு நீங்கதான் ரெஃப்ரி."

"ஃபாதர், நான் நாலாங்கிளாஸ்."

"நாலாங்கிளாஸ் ஊதினா விசிலு கேக்காதா?"

பக்கத்தில் டிரில் சார் நின்றார். "நாகர்கோவில் ரெஃப்ரி வரமாட்டேங்காரு அக்கா. போன வருசம் கிழிஞ்ச சட்டைய அவரு இன்னும் மறக்கல்ல."

"அப்ப நீங்க ஊதுங்க சார்."

"நான் மேலத்தெரு மருமகன்லா. நான் ஊதினா கீழத்தெரு சும்மா இருப்பானா?"

விஷயம் அதுதான். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும்தான் பைனல். அந்த ஊரில் யாரைத் தொட்டாலும் ஏதோ ஒரு தெருவுக்கு மச்சான், இல்லையென்றால் மாமன். நான் மயிலாடிக்காரி, சி.எஸ்.ஐ. சபை. இரண்டு தெருவிலும் நாங்கள் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. ஆனால் இரண்டு தெருப் பையன்களுக்கும் ஒன்றாம் வகுப்பில் மூக்குச் சிந்திவிட்டவள் நான்.

"இந்த ஊர்ல யாருக்கும் சொந்தமில்லாத ஆளு நீங்க ஒருத்திதான்" என்றார் ஃபாதர். அத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனால் அன்றைக்கு அதுதான் என் தகுதி.

கடைசியாக இன்னொன்றும் சொன்னார். "இன்னைக்கும் அடிதடின்னா நாளைக்கு ரெண்டு கம்பத்தையும் பிடுங்கிருவேன். கோர்ட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

2. காலைப் பார்க்கிற வேலை

அந்தக் கோர்ட் சுனாமிக்குப் பிறகு உதவிக்கு வந்தவர்கள் போட்டுக்கொடுத்த சிமெண்டுத் தரை. கடலைப் பார்த்தாலே அழுத பிள்ளைகள் அதில்தான் மறுபடியும் ஓடிச் சிரித்தார்கள். கம்பத்தைப் பிடுங்கினால் பையன்கள் கடற்கரைக்குப் போவார்கள். காலையில் பிராக்டிஸ் செய்கிற பொம்பளைப் பிள்ளைகளுக்கு வேறு இடம் கிடையாது. அதை நினைத்துத்தான் விசிலை எடுத்தேன்.

சட்டம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். சாயங்காலம் பந்தெல்லாம் உள்ளே வந்து அறையைப் பூட்டும்வரை நான் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். டிரில் சார் தினமும் ஒரே பாட்டைத்தான் பாடுவார். பந்து கையில் இருந்தால் ஒரு கால் ஊன்றியபடியே இருக்க வேண்டும். மற்றக் கால் எப்படி வேண்டுமானாலும் திரும்பலாம். பந்தைத் தட்டாமல் ஊன்றிய கால் நகர்ந்தால் டிராவலிங். தட்டிக்கொண்டு ஓடிவந்து பந்தைக் கையில் எடுத்தால் இரண்டு எட்டு, அதற்குமேல் கிடையாது.

டிராவலிங் பிடிக்க வேண்டுமென்றால் பந்தைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும். கூட்டம் முழுக்கப் பந்தைப் பார்க்கும். அதனால்தான் கூட்டத்துக்கு எப்போதும் ரெஃப்ரி குருடு.

போன வருஷம் வந்தவர் நல்ல மனுஷர். திருவிழா ஆட்டம்தானே, பிள்ளைகள் ஆடட்டும் என்று முக்கால்வாசி நேரம் டிராவலிங்கே ஊதவில்லை. கடைசி நிமிஷத்தில் கீழத்தெருவுக்கு எதிராக ஒன்று ஊதினார். அது டிராவலிங்தான், நானும் பார்த்தேன். ஆனால் அதுவரை விட்டதெல்லாம் என்ன கணக்கு? ஆட்டம் முடியவில்லை, அடி தொடங்கிவிட்டது. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் போய்த்தான் தையல் போட்டார்கள்.

3. மீன்

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் புஷ்பம் வந்து நின்றாள். மீன் விற்கிறவள். கீழத்தெரு கேப்டன் ஆன்றோவின் அம்மா. கூடையில் நல்ல பெரிய வாவல் மீன்.

"அக்கா, கொழம்பு வையுங்க."

"இன்னைக்கு வேண்டாம் புஷ்பம்."

"ஏன், எனக்க மீனு நாறுதோ?"

"விசில் ஊதுறவ இன்னைக்கு எந்தத் தெரு மீனும் வாங்கப்பிடாது. ஆட்டம் முடியட்டும்."

"நீங்க வாங்காட்டாலும் எனக்க மவன் ஜெயிப்பான், பாத்துக்கிடுங்க." கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

4. முதல் பாதி

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோர்ட் நடுவில் போய் நின்றேன். ஒரே சிரிப்பு. முதல் பந்திலேயே மேலத்தெரு கேப்டன் சகாயம் மூன்று எட்டு வைத்தான். ஊதினேன். முஷ்டி இரண்டையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டி டிராவலிங் என்று காட்டினேன். சிரிப்பு நின்றது.

அதன்பிறகு ஒரு காலையும் விடவில்லை. காற்று எழும்பி மணலைக் கொண்டுவந்து கோர்ட்டில் கொட்டியது. பந்தைப் பிடிக்கும்போதே பையன்களுக்குக் கால் வழுக்கியது. அதற்கும் ஊதினேன்.

"ஆயாம்மா, மூச்சு விட்டாலும் ஊதுவியளா?" என்று ஒரு பக்கம்.

"ஏலே, காலுக்குப் பசை தடவிட்டு வாங்கலே!" என்று இன்னொரு பக்கம்.

இடைவேளையில் டிரில் சார் ஓடிவந்தார். "அக்கா, கொஞ்சம் விட்டுப் பிடிங்க. இது ஆட்டமா, நின்னு நின்னு போற சப்பரப் பவனியா?"

"எத விடணும் சார்? யாருக்க கால விடணும்?"

"அது... அப்பப்ப, பாத்து..."

"அப்பப்ப பாத்து விட்டதுதானே சார் போன வருசம்?"

ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மணலில் வழுக்குகிறவனுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ரிங்கைப் பார்த்து ஒரு எட்டு கூடுதலாக வைக்கிறவன்தான் அடுத்தவனுடையதை எடுக்கிறான். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஊதினால் ஆட்டம் செத்துப்போகும்.

இரண்டு கேப்டனையும் கூப்பிட்டேன்.

"மக்கா, ரெண்டுபேரும் கேளுங்க. பந்து பிடிக்கும்போ மணல்ல கால் வழுக்கினா இனி ஊதமாட்டேன். அது காத்துக்க குத்தம். கையில பந்த வச்சுக்கிட்டு ஒரு எட்டு கூட வச்சா எவனா இருந்தாலும் ஊதுவேன். கடைசி வரைக்கும் இதுதான். சம்மதமா?"

"செரி ஆயாம்மா" என்றான் சகாயம்.

ஆன்றோ கொஞ்சம் யோசித்தான். "எங்களுக்கும் அப்படித்தானே?"

"ஒனக்கும் அப்படித்தாம்லே."

தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

5. கடைசிப் பந்து

பிறகு ஆட்டம் ஓடியது. கூடுதல் எட்டு வைத்தவனுக்கெல்லாம், இரண்டு பக்கமும், ஊதினேன். வழுக்கினவனை விட்டேன். கடைசியில் ஸ்கோர் சமம். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

கோட்டோரம் நின்ற சகாயத்துக்குப் பாஸ் வந்தது. பிடித்தான். கால் ஒரு சாண் வழுக்கியது. ஊர் முழுக்கப் பார்த்தது. அவன் சுதாரித்து ஊன்றி, பந்தைத் தட்டி, இரண்டு எட்டு வைத்து எழும்பினான். பந்து ரிங்குக்குள் விழவும் நேரம் முடிந்து சார் பள்ளிக்கூட மணியை அடிக்கவும் சரியாக இருந்தது.

விசில் என் வாயில்தான் இருந்தது. நான் ஊதவில்லை.

"டிராவலிங்! டிராவலிங்!" கீழத்தெரு மொத்தமாக எழும்பியது. ஆன்றோவின் சித்தப்பா இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர்.

"ஏ கிழவி, கண்ணு அவிஞ்சு போச்சா? வழுக்கினது தெரியல்லியா?"

"தெரிஞ்சுது."

"பின்ன ஏன் ஊதல்ல?"

நான் வாய் திறப்பதற்குள் மேலத்தெரு ஆட்களும் உள்ளே இறங்கினார்கள். கம்பத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். நாளைக்கு இது இருக்காது என்று நினைத்தேன்.

ஆன்றோ நடுவில் வந்து நின்றான். தோற்றவன் அவன். முகமெல்லாம் வியர்வை.

"சித்தப்பா, வெளிய போங்க."

"ஏலே, ஒனக்காகத்தாம்லே கேக்கேன்!"

"பிடிக்கும்போ வழுக்கினா ஊதமாட்டேன்னு ஆயாம்மா முன்னாலயே சொல்லியாச்சு. நானும் தலைய ஆட்டியாச்சு. கொஞ்சம் முன்ன எனக்கும்தான் வழுக்கிச்சு. அப்ப ஊதினாவளா?"

சித்தப்பா என்னையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்படியா சொன்னாவ?"

"சொன்னாவ."

"சவத்த, அத எங்களுக்கும் சொல்லப்பிடாதா?" என்று மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டார். யாரோ சிரித்தார்கள். பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். ஆன்றோவும் சகாயமும் கைகொடுத்தார்கள். கட்டிப்பிடிக்கவில்லை. அந்த ஊருக்கு அது போதும்.

நான் குழாயடியில் போய் உட்கார்ந்தேன். டிரில் சார் தண்ணீர் கொண்டுவந்தார்.

"பயந்துட்டியளா அக்கா?"

"இப்பத்தான் சார் பயப்படுதேன். அப்ப நேரமில்ல."

6. மறுநாள்

காலையில் போனபோது கம்பம் இரண்டும் நின்றன. பொம்பளைப் பிள்ளைகள் பந்து அறை வாசலில் காத்திருந்தார்கள். திறந்துவிட்டு, கோர்ட்டைப் பெருக்கினேன்.

பிறகும் சில வருஷம் திருவிழாவுக்கு நான்தான் ஊதினேன். விசில் பிடிக்க வருகிற பிள்ளைகள் கேட்பார்கள், டிராவலிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று. உங்கள் கைக்குத் தாங்குகிற அளவுக்குப் பிடியுங்கள் என்பேன். ஆனால் எதை ஊதுவீர்கள், எதை விடுவீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சொல்லுங்கள். கடைசிப் பந்திலும் அதில் நில்லுங்கள். நான் அன்றைக்கு வேடிக்கை பார்க்கிறவர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சித்தப்பா கேட்டது சரிதான். அடுத்த வருஷம் மைக்கிலேயே சொன்னேன்.

அந்த மறுநாள் காலை கோர்ட்டைப் பெருக்கி முடிக்கும்போது புஷ்பம் கூடையோடு வந்தாள்.

"தோத்தவனுக்க வீட்டு மீனு. வாங்குவியளா?"

"ஆட்டந்தான் முடிஞ்சாச்சுல்லா. குடு."

"நேத்தைக்குள்ளது பெருசு. நீங்கதான் வேண்டாம்னிய. இன்னைக்குச் சின்னச் சாளதான்."

சாளையை வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தேன். முந்தின நாள் காலையிலிருந்து ஒன்றும் சரியாக இறங்கவில்லை. அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.