இரண்டும் இடது கை

தையல்காரியின் போன் நாள் முழுக்க சாக்பீஸ் டப்பாவில் சாய்ந்தபடி நிற்கும். திரையில் கணவனின் பெயர், அதற்குக் கீழே ‘ஆன்லைன்’. அந்த ஒரு சொல் அவள் நிம்மதியைக் குலைத்துப் போட்டிருந்தது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவனுக்கு வேலை நேரத்தில் ஆன்லைனில் என்ன வேலை? எலும்பா அவனுக்குச் செய்தி அனுப்புகிறது?

அவளுக்கு ஒரு வரிகூட வருவதில்லை. ஆக, வேறொருத்தி இருக்கிறாள். சட்டைப் பையில் மிட்டாய்த் தாள் கிடந்தாலும் யார் கொடுத்தது என்று குடைந்தெடுப்பாள். அவனோ ஏதோ கேட்க வந்து வாயை மூடிக்கொள்வான். திருட்டு முழி என்றே அவளுக்குப் பட்டது.

நாத்தனார் மறுநாள் புது வேலையில் சேர வேண்டும். அதற்கு ஒரு கோட். துணியை ஒற்றையாக விரித்து, கைக்கான அளவு அட்டையை வைத்து ஒரு கையை வெட்டினாள். அடுத்த கைக்கு அட்டையைத் திருப்பிப் போட வேண்டும். நடுவில் போனை எட்டிப் பார்த்தாள். ஆன்லைன். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள்.

ஊசி குத்தி இணைத்த கோட்டைப் போட்டுப் பார்த்த நாத்தனார், “அண்ணி, எனக்கு ரெண்டும் இடது கையா?” என்று கேட்டாள்.

யாரோ அட்டையை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் தையல்காரி முதலில் நினைத்தாள். நாத்தனார் மீதுகூட ஒரு கண் போனது. ஆனால் சாக்பீஸ் கோடு அவளுடையது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. அவமானத்தில் காது சூடேறியது. எல்லாம் அவனால். கடையைச் சாத்திவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பினாள். பிடிபட்டால் இன்றோடு அவனும் வேண்டாம், அந்த வீடும் வேண்டாம்.

எக்ஸ்ரே அறை வாசலில் நின்று அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து பறித்தாள். திரையில் அவள் பெயர். கீழே ‘ஆன்லைன்’.

“என்னங்க இது?”

“எப்பப் பாத்தாலும் நீ ஆன்லைன்லயே இருக்க. எனக்கு ஒரு வரி அனுப்புறதில்ல. நீ யாரோட பேசுறன்னு பாக்கத்தான்…” அவன் குரல் இறங்கியது. “காலைல ஒருத்தருக்கு அடிபட்ட கால விட்டுட்டு நல்லா இருக்குற காலப் படம் எடுத்துட்டேன். செம திட்டு.”

சிரிக்க ஆரம்பித்தவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

“எவளோ இருக்கான்னு நினைச்சேன். நம்மளப் பிடிச்ச சனியன் இந்தப் போன்தான்.”

அன்று மாலை இரண்டு போன்களையும் மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்கள். இனி வேலைக்குப் போகும்போது அவை வீட்டில்தான்.

“சாவி எங்கிட்ட இருக்கட்டும்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

மிச்சத் துணியில் ஒட்டுப் போட்டு வலது கையைச் சரிசெய்த கோட்டை வாங்க வந்த நாத்தனார், சாவியையும் அதன் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் தையல்காரியின் பார்வை சும்மா சும்மா சாக்பீஸ் டப்பாவுக்குப் போய்த் திரும்பியது. கை நமநமத்தது. மத்தியானம் கடை வாசலில் நிழலாடியது. கணவன்.

“ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றபடி கடைக்குள் ஒரு சுற்று கண்ணை ஓட்டினான்.

அவளும் அவனைப் பார்க்கக் கிளம்பி, ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள்.