நோயாளி அக்கா சொல்லாதது

எல்லோரும் நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காகவே நோயை வரவழைத்துக்கொள்வாள். அதுதான் அவளுக்குச் சோறு போட்ட வேலை. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்று மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பழக்கும் வகுப்பு ஒன்று உண்டு. அதில் நோயாளியாக நடிப்பவள் அவள். திங்கட்கிழமை நெஞ்சுவலி, செவ்வாய்க்கிழமை மூட்டுவலி, புதன்கிழமை தூக்கமில்லை. லேத் பட்டறைக்குக் கிளம்பும் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு என்ன வியாதி?" என்பார். அவள் வாயெடுப்பதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

முன்பு நாடகங்களில் துக்கவீட்டுக் கூட்டத்தில் நின்று அழுகிற வேஷம்தான் அவளுக்குக் கிடைக்கும். அந்த அழுகையைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிப் பேராசிரியை அவளைக் கூப்பிட்டுக்கொண்டார். மாணவர்கள் நோயாளி அக்கா என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் வாங்க மட்டும்தான் பயன்பட்டது.

மூன்றாவது மாடியில் கடைசி அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, யாரும் படுக்காததால் கசங்காத ஒரு கட்டில். ஒரு பக்கச் சுவரில் கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் பேராசிரியையும் மற்ற மாணவர்களும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அவளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கதைக்கும் வெளியே ஒன்று இருக்கும், உள்ளே ஒன்று இருக்கும். வெளியே தலைவலி, உள்ளே வீட்டைவிட்டுப் போன மகன். வெளியே இருப்பதை யார் கேட்டாலும் சொல்லலாம். உள்ளே இருப்பதை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, "வேற ஏதாவது மனசுல இருக்கா?" என்று கேட்டு, அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பவனுக்கு மட்டும்தான் சொல்லவேண்டும்.

"இரக்கப்பட்டு நீங்களா சொல்லிடாதீங்க. இங்க கேக்கத் தெரியாதவன் நாளைக்கு நிஜ நோயாளியைக் கொன்னுடுவான்" என்று பேராசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒரு மாணவன் பரீட்சையில் பாதியில் கையெடுத்துக் கும்பிட்டே விட்டான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தலைதான் டாக்டர் வலிக்குது" என்றாள். கல்நெஞ்சுக்காரி என்று பின்னால் திட்டினார்கள். அதைக் கேட்டு உள்ளூரப் பூரித்துப்போனாள். வேறு எதில் அவளுக்குப் பெருமை இருந்தது, பாவம்!

அப்படி இருந்தவளுக்கு ஒரு நாள் காலையில் கழிப்பறையில் ரத்தம் போனது. மூலவியாதியாக இருக்கும் என்று தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள். மறுபடி போனது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. உடம்பு இளைத்து, ரவிக்கை தோளில் தொங்க ஆரம்பித்தது. கணவர் கெட்டவரில்லை. ஆனால் இரும்பு கடையும் சத்தத்தில் காதும் பேச்சும் பாதி தேய்ந்துபோன மனிதர். தட்டில் விழுந்ததைத் தின்பார், படுப்பார். அவரிடம் இதை எந்த முனையில் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கம். வாசல் காவலாளி முதற்கொண்டு, "இன்னிக்கு எந்த வேஷம்?" என்று கேட்பான். அதனால் இரண்டு தெரு தள்ளியிருந்த சின்ன மருத்துவமனைக்குப் போனாள். போன இடத்தில் டாக்டராக உட்கார்ந்திருந்தவன் அவளுடைய பழைய மாணவன். லொடலொடா என்று வகுப்பில் பெயரெடுத்தவன், அவளிடம் தோற்றுத் தோற்றுத் தேறியவன்.

"அடடே, அக்கா! நிஜமாவே உடம்பு சரியில்லையா, இல்ல இன்னும் எனக்குப் பரீட்சை வெக்கிறீங்களா?"

"வயிறு சரியில்ல தம்பி. களைப்பா இருக்கு."

"நேரத்துக்குச் சாப்பிட மாட்டீங்க, அதானே? தூக்கமும் இருக்காது. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். பயப்படாதீங்க. ரெண்டு மாத்திரை எழுதறேன்."

கேள்வியும் அவனே, பதிலும் அவனே. அவள் அவன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கீழே இறங்கவேயில்லை. விஷயம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இத்தனை வருஷம் பழகிய நாக்கு, உரிய கேள்வி வராமல் அவிழ மறுத்தது. அவன் அடுத்த நோயாளிக்கு மணியை அடித்தான். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

இன்னும் இருமுறை போனாள். அதே கதைதான். ரத்தம் போகுது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவளை உலுக்கிக் கேட்கலாம் போல நமக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் தெருவில் இறங்கியதும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. பழக்கம் பாதி, பயம் பாதி. அவன் கேட்கவில்லை, நான் என்ன செய்ய என்று பழியை அவன் தலையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் உலையை வைத்தாள்.

அந்த வாரம் வகுப்பில் அவளுக்குக் கொடுத்த கதையில் வெளியே வயிற்றெரிச்சல், உள்ளே கணவருக்கு வேலை போய்விட்டது. எதிரே வந்து உட்கார்ந்தவள் ஒரு ஒல்லிப் பெண். குரல் எழும்பாது. கூடப் படிப்பவர்கள் பூனைக்குட்டி என்று கேலி செய்வார்கள். கேட்கவேண்டியதில் பாதியை மறந்துவிட்டாள். பதற்றத்தில் பேனா கைநழுவி மேசைக்கடியில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்து அப்படியே நிமிர்ந்துவிட்டாள்.

"நீங்க எதுக்கோ ரொம்பப் பயந்துபோயிருக்கற மாதிரி இருக்கு. என்னன்னு சொல்றீங்களா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றவர்களாயிருந்தால் அந்த இடைவெளியில் ஏதாவது உளறிக் கெடுத்திருப்பார்கள். இவள் நகரவில்லை.

"ரத்தம் போகுதும்மா" என்றாள் அக்கா. "மாசக்கணக்கா போகுது. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. செத்துப்போயிடுவேனோன்னு இருக்கு."

சொன்னதும் உடைந்து அழுதாள். அந்தப் பெண் மேசைக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு பேராசிரியை வந்தார். "என்ன இது? வேலை போனதுதானே உள்ள இருக்கற விஷயம்? ரத்தம் எங்கேர்ந்து வந்தது? இப்படிக் கதையை மாத்தினா இந்தப் பொண்ணுக்கு நான் எப்படி மார்க் போடறது?"

கூடவே மாணவர்களும் வந்துவிட்டார்கள். "அக்கா, அழுகை பிரமாதம்!" என்று ஒருவன் கைதட்டினான். சொல்வதாயிருந்தால் அந்த நிமிஷம் சொல்லியிருக்கவேண்டும். பேராசிரியை கோபக்காரரே தவிர இரக்கமில்லாதவரல்ல; நிஜம் என்று தெரிந்திருந்தால் கையைப் பிடித்துக் கீழே அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார். அத்தனை கண்களும் தன்மேல் இருப்பதைப் பார்த்தாள் அக்கா. கூனிக்குறுகிப் போனாள்.

"மன்னிச்சுடுங்க மேடம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற கதையோட குழம்பிட்டேன்."

மாடிப்படியில் இறங்கும்போது பூனைக்குட்டி மூச்சிரைக்க ஓடிவந்து வழியை மறித்தாள்.

"அக்கா, உள்ள சொன்னது... கதையா?"

கேட்டுவிட்டு மறுபடியும் காத்து நின்றாள். சாப்பாட்டு வேளை. மேலும் கீழுமாகப் பிள்ளைகள் இடித்துக்கொண்டு போனார்கள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"கதைதான் கண்ணு. நடிப்புன்னா அப்படித்தான். போ, போய்ச் சாப்பிடு."

மழைக்காலம் முடிவதற்குள் அவள் சமையலறையில் மயங்கி விழுந்தாள். கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். வயிற்றைத் திறந்தார்கள், பார்த்தார்கள், ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடிவிட்டார்கள். கட்டிய கணவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணி வேணுமா, வலிக்குதா, விசிறியைக் குறைக்கவா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு கேள்விகள் அந்த மனிதருக்குள் இருந்தன என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அவரை வெளியே அனுப்பினாள்.

அந்த நேரத்தில்தான் பூனைக்குட்டி வந்தாள். கட்டிலோரம் நின்றாள், உட்காரவில்லை. கண் வீங்கியிருந்தது.

"நான் விட்டிருக்கக் கூடாதுக்கா. எனக்கு அன்னிக்கே சந்தேகம். இன்னொரு தடவை கேட்டிருக்கணும். சரியாக் கேக்கத் தெரியல எனக்கு."

"அடிப் பைத்தியமே" என்றாள் அக்கா. குரல் காற்றாகத்தான் வந்தது. "உன்னை மாதிரி யாருமே கேட்டதில்ல. ரெண்டு தடவையும் சரியாத்தான் கேட்டே. பொய் சொன்னது நான்."

அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு போர்வையைச் சரிசெய்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பயமா இருந்துச்சு கண்ணு. இப்பவும் பயமாத்தான் இருக்கு. அவர் வர்ற வரைக்கும் போகாத."