ஏசிக்குக் கீழே படுத்தவர்

நுரையீரல் சிகிச்சை முடிந்து அம்மா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவேண்டிய நாள். அறையில் ஈரமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் பார்த்தால், ராத்திரி ஓடவிட்டுப் பார்த்த ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி அம்மாவின் மெத்தை ஊறிக்கிடந்தது. அதை எடுத்து வெயிலில் காயப்போட்டேன்.

பாபநாசத்திலிருந்து மெக்கானிக் வந்தார். நரைத்த மீசை, சட்டைப்பையில் ஒரு பழைய டூத் பிரஷ். ஃபில்டரில் அப்பியிருந்த அறுவடைத் தூசியைக் கழுவினார். தண்ணீர் வெளியேறும் குழாயை ஊதிப் பார்த்தார், காற்றே போகவில்லை. உள்ளே கம்பியை விட்டு இழுத்ததும் குளவி கட்டிய மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அவ்வளவுதாங்க. மெஷினுக்கு ஒண்ணும் இல்ல."

பிறகு ஏசியைப் போட்டுவிட்டு, வெறும் கட்டிலில் துண்டை விரித்து, அம்மா தலைவைக்கும் இடத்தில் தலைவைத்து மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"என்னங்க, உடம்பு முடியலையா?" என்று பதறினேன்.

"இல்லைங்க. சொட்டுறதா இருந்தா இப்பவே என் மூஞ்சியில சொட்டட்டும். அம்மா வந்து படுத்தப்புறம் சொட்டக் கூடாதுல்ல?"

வெகுநேரம் ஆகியும் ஒரு சொட்டுகூட விழவில்லை. அவர் மெல்லக் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஆஸ்பத்திரியில் இருந்த தம்பிக்குப் போன் செய்தேன்.

"அம்மாவக் கூட்டிட்டு வாடா."

எல்லா வீட்டிலும் அவர் இப்படித்தான் படுத்துப் பார்ப்பாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.