திரேசியாம்மாவின் முதுகு

நாடகக்காரர்கள் ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்வார்கள். அந்த வழக்கப்படி அவள் சங்கனாசேரி திரேசியாம்மா. பத்தொன்பது வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவளை முப்பது ஆவதற்குள் அம்மா வேஷத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தன்னைவிட ஆறு வயது மூத்த நடிகனுக்கும் அம்மாவாக அழுதிருக்கிறாள். மாதா கோயில் பெருநாள், பகவதி கோயில் உற்சவம் என்று ஒரே நாளில் இரண்டு மேடைகூட உண்டு. சீசனுக்கு இருநூறு தடவையாவது சாக வேண்டியிருக்கும். செத்து விழுந்தாலும் முகம் ஜனங்கள் பக்கம்தான் இருக்கும். மேலிருந்து தொங்கும் மைக்குக்கு நேராக நிற்க வேண்டும், சபைக்கு முதுகு காட்டவே கூடாது. மற்ற எந்தத் தப்பையும் அந்தத் தொழிலில் மன்னிப்பார்கள்.

சேச்சி என்று அவள் கூப்பிடும் அக்காள் ஏலிக்குட்டி, கன்னியர் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். தங்கையோடு பேசுவாள், மீன்குழம்பு கொடுத்தனுப்புவாள். நாடகத்துக்கு மட்டும் வரமாட்டாள். வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் தங்கை நடித்த அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை உருட்டியவள். சிறந்த நடிகை பரிசு இரண்டு தடவை வந்தபோதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரே பார்த்து என்ன, அவள் பார்க்கவில்லையே என்று திரேசியாம்மா மருகாத நாள் கிடையாது.

ஐம்பத்தெட்டு வயதில் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். ஒரே காட்சி. அதிசயமாக, சினிமா என்றால் வருகிறேன் என்றாள் ஏலிக்குட்டி. டீச்சரம்மாவுக்குச் சினிமா மட்டும் கௌரவமாகப் பட்டதோ என்னவோ!

காட்சி இதுதான்: அடுப்படியில் நிற்கிற தாய்க்கு மகன் செத்த சேதி வருகிறது. கேமரா பின்னால் இருந்தது. சேதி வந்ததும் திரேசியாம்மா சட்டென்று கேமரா பக்கம் திரும்பினாள். 'கட்' என்றார்கள். மறுபடியும் திரும்பினாள். முப்பத்தொன்பது வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் சுழன்றது. ஏழு தடவை வீணானது.

"முகம் வேண்டாம் அம்மச்சி" என்றான் டைரக்டர், மகன் வயதுக்காரன்.

"ஒரே ஒரு தடவை காட்டிக்கிறேனே, மோனே. எங்க சேச்சி படம் பாக்க வர்றாங்க."

அவன் கெட்டவன் இல்லை. ஆனாலும் முடியாது என்றான். எட்டாவது தடவை அவள் அடுப்பு மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பவில்லை. சரி என்றார்கள்.

படம் வந்தது. தங்கை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் கேட்காமல், நல்ல புடவை கட்டிக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஏலிக்குட்டி மேட்னிக்குக் கிளம்பிவிட்டாள். திரேசியாம்மாவின் காட்சி ஒரு நிமிஷம்கூட இல்லை. அடுப்பு, நரைத்த கொண்டை, மெல்லக் குலுங்கும் தோள், அவ்வளவுதான். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த அக்காள் பக்கம் குனிந்தாள்.

"நான்னே தெரிஞ்சிருக்காதே, சேச்சி."

ஏலிக்குட்டி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"ஏன் தெரியாம? நாடக வண்டி ஏறப் போன அன்னிக்கு நீ ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலயே. வளைவு தாண்டுற வரைக்கும் வாசல்ல நின்னு இதத்தானடி பாத்துக்கிட்டிருந்தேன்."