கை அறிந்த அலமாரி

அந்த மருந்துக்கடையில் மூன்று தலைமுறையாக யாரும் அட்டையைப் படித்து மருந்து எடுத்ததில்லை. அதெல்லாம் நேற்றுக் கடை போட்டவன் செய்கிற வேலை. கடைக்காரரின் தாத்தா அலமாரியையே ஓர் ஆளாக அடுக்கியிருந்தார்: உச்சியில் தலைவலித் தைலம், அதன் கீழே கண்சொட்டு, நெஞ்சு மட்டத்தில் இருமல் மாத்திரை, இடுப்பளவில் பேதி மாத்திரை, தரையோரம் கால் ஆணிக்குப் பிளாஸ்திரி. நோயைச் சொன்னால் கை தானாகப் போகும். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்.

போன ஞாயிறு, மருந்தியல் படித்த மருமகள் எல்லாவற்றையும் அகரவரிசையில் மாற்றி அடுக்கினாள். “நல்லதும்மா” என்று கடைக்காரர் தலையாட்டினார். கைக்கு யாரும் சொல்லவில்லை.

செவ்வாய் மதியம் அவள் கேட்டாள்: “மாமா, சர்க்கரை மாத்திரை ஒரு அட்டை குறையுது. யாருக்குக் குடுத்தீங்க?”

“சர்க்கரைக்கு இன்னிக்கு யாருமே வரலையே.”

“நெஞ்சு மட்டத்துல இப்ப அதுதானே இருக்கு?”

தையல்காரர்! காலையில் இருமலுக்கு வாங்கிப் போனார். சர்க்கரை நோயே இல்லாத மனுஷன்.

 கடைக்காரர் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு செருப்பில்லாமல் தையல்கடைக்கு ஓடினார்.

“என்னண்ணே, உங்க மருந்தை நீங்களே சாப்ட்டுட்டீங்களா?” என்றார் வழியில் கடை வாசலில் நின்ற முடிதிருத்துபவர். வேறொரு நாளாக இருந்தால் கடைக்காரர் பதிலுக்கு ஒன்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டுத்தான் நகர்ந்திருப்பார்.

தையல் இயந்திரம் ஓடவில்லை. தையல்காரர் பாதி தைத்த சட்டைமேல் தலை சாய்த்துக் கிடந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

“எத்தனை போட்டீங்க?”

“ரெண்டு... இருமல் நிக்கலண்ணே. பசிதான் உயிர் போவுது. கையெல்லாம் நடுங்குது.”

குளுக்கோஸைக் கரைத்துப் புகட்டியதில் பாதி சட்டைக்குப் போனது. வண்டி பிடித்து மருத்துவமனையில் சேர்த்தார்.

“என்ன சாப்பிட்டார்?” என்றார் டாக்டர்.

‘அவரே எதையோ மாத்திப் போட்டுட்டார் போல.’ நாக்கு நுனியில் பொய் தயாராக நின்றது. காலையில் அந்த மாத்திரை தேடாமல் கைக்கு வந்ததுபோலவே அதுவும் வந்திருந்தது. கடைக்காரர் அதைக் கண்டுதான் அதிகம் பயந்தார்.

“சர்க்கரை மாத்திரை. நான்தான் பார்க்காம எடுத்துக் குடுத்தேன்.”

“சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கும். நாளைக்குக் காலையிலதான் எதுவும் சொல்ல முடியும்.”

மருமகள் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னால் தையல்காரர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். கடைக்காரர் மூச்சுவிட்டார். இருமலை நிறுத்தியே பிழைத்த குடும்பத்தின் வாரிசு, அந்த ஓர் இருமல் மட்டும் நிற்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நின்றது. அவர் எழுந்து திரையை நோக்கி ஓடினார்.