அழுக்காவதற்கென்று ஒரு சட்டை

மெல்போர்னில் பிள்ளையைக் கிண்டருக்கு அனுப்பும்போது பையில் சாப்பாடு, தண்ணீர் பாட்டிலோடு ஒரு பழைய சட்டையும் வைக்கச் சொல்கிறார்கள். அழுக்காவதற்கென்று ஒரு சட்டை. கிண்டர் என்றால் நம்மூர் பால்வாடி மாதிரிதான், நாலு வயதுப் பிள்ளைகள் போவது. பேத்தி மீராவைக் காலையில் கொண்டுபோய் விடுவதும் மத்தியானம் கூட்டி வருவதும் என் வேலை. மகள் செல்வியும் மருமகனும் ஆபீசுக்குப் போய்விடுவார்கள். போன மாதம் ஒருநாள் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. ஒரு தொட்டியில் மணல், ஒன்றில் சாயம் போட்ட அரிசி, பெரிய தொட்டி நிறையச் சேறு. ஏழெட்டுப் பிள்ளைகள் முழங்கை வரைக்கும் கையைச் சேற்றில் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் என் பேத்தி.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. நேரே போய் அவளை இழுத்துக் குழாயடியில் நிறுத்தி, நகக்கண்ணில் இருந்ததுகூட விடாமல் தேய்த்தேன். அவள் ஓவென்று அழுதாள். டீச்சர் எம்மா ஓடிவந்தாள். சின்னப் பெண், நல்ல பெண், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நோ மட். புக். புக்," என்றேன். என் இங்கிலீஷ் அவ்வளவுதான். கிருமிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு மூட்டையைத் தூக்கி வந்து காட்டினாள். "க்ளீன், க்ளீன்," என்று அதைத் தட்டினாள். கடையில் விற்கிற மண்! சுத்தம் செய்து, பையில் அடைத்து, மேலே பூப்படம் போட்ட மண். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. மண் சுத்தமா இல்லையா என்றா நான் கேட்டேன்?

சாயங்காலம் செல்வி வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, கொயந்தைய அழ வுட்டியாமே?"

"சேத்துல கைய வுட்டுகினு கீது உன் பொண்ணு. அதுக்கா இஸ்கூலு?"

"அது சென்சரி ப்ளே நைனா. தொட்டுப் பாத்துக் கத்துக்கறது."

"எங்காத்தா காலம் பூரா சேத்தத் தொட்டா. இன்னா கத்துகினா?"

அவள் பையைத் திறந்து லேப்டாப்பை எடுத்தாள். பிறகு, "இத்த நீ எழுதிடு நைனா," என்றாள். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். நான் சொல்கிறேன், அவள் என் பேச்சை நிமிர்த்தி எழுதுகிறாள். ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்களும் படியுங்கள்.

ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் அப்போது ஒரு செங்கல் சூளை இருந்தது. அறுவடை முடிந்தால் எங்களுக்குச் சூளைதான். ஆத்தா மண்ணை அச்சில் அடித்துக் கல் அறுப்பாள், நானும் அண்ணனும் மண் மிதிப்போம். ஏரி மண் கறுப்பாக இருக்கும், மிதிக்க மிதிக்க வெண்ணெய் மாதிரி ஆகும். ஆனால் அதில் கிளிஞ்சல் கிடக்கும், காலைக் கிழித்துவிடும். கிழிந்த காலோடுதான் மறுநாளும் மிதிக்க வேண்டும். சூளைக்காரர் மகன் எங்கள் வயதுதான். அவன் பட்டாபிராமில் ரயிலேறிப் பள்ளிக்கூடம் போவான். அவன் சட்டையில் ஒரு பொட்டு மண் பட்டால் அவன் அம்மா எங்களைத்தான் திட்டுவாள், நாங்கள் இந்தப் பக்கம் நின்றிருந்தாலும்.

பெரியவனானதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். முதல்நாள் வீட்டுக்கு வந்தபோது கையெல்லாம் கிரீஸ். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது. "இன்னா மாமே, சோத்துல கூட மெசின் வாடை அடிக்குது," என்று என் பொண்டாட்டி சிரித்தாள். அடிக்கட்டும் என்றேன். மண் இல்லையே, எண்ணெய்தானே. நான் அந்தக் கையை மோந்து மோந்து பார்த்துக்கொள்வேன். என் பிள்ளை கையில் அதுவும் ஒட்டக் கூடாது, பேனா மைதான் ஒட்ட வேண்டும் என்று இருந்தது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தெருவுக்கும் பக்கத்தில் ஆபீஸ்காரர்கள் குடியிருந்த காலனிக்கும் பொதுவாக ஒரு பால்வாடி திறந்தார்கள். செல்விக்கு நாலு வயது. ஜாக்கெட் துணியில் பை தைத்து, சிலேட்டு வாங்கிப் போட்டு அனுப்பினோம். ஒருநாள் ஷிப்டு மாறி மத்தியானமே வந்தவன் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஜன்னல் ஓரமாகக் காலனிப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே தாழ்வாரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள். நடுவில் ஒரு பேசின் நிறையக் களிமண், பக்கத்தில் புளியங்கொட்டை. என் மகளின் சிலேட்டு ஆணியில் பையோடு தொங்கியது.

"இன்னா டீச்சர் இது?"

"புதுசா பயிற்சில சொல்லிக் கொடுத்தாங்கப்பா. மண்ணைப் பிசைஞ்சா விரலுக்கு பலம் வரும்."

"அப்ப உள்ள கீற பசங்க வெரலுக்கு பலம் வாணாவா?"

"அவங்க வீட்ல எழுத்து சொல்லித் தருவாங்க. உங்க பிள்ளைங்களுக்கு இதுதானே பழக்கம்?"

பேசினை உதைத்தேன். தாழ்வாரமெல்லாம் மண். மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் எங்களை அந்த வாசலில் சேர்க்கவில்லை. ஒரு வருஷம் அவள் வீட்டில் சும்மா கிடந்தாள். பட்டறையில் லேத் ஓட்டிய ஒரு அண்ணாத்தே, டீ குடிக்கிற நேரத்தில் தினம் ஒரு எழுத்தைச் சிலேட்டில் போட்டுக் கொடுப்பார். பஸ்ஸில் அழியாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்து அவளிடம் காட்டுவேன். நான் எழுத்துக் கற்றதும் அப்படித்தான்.

இதைத் தட்டிக்கொண்டிருந்த செல்வி நிறுத்திவிட்டாள். "எனக்கு அந்த நாள் ஞாபகம் கீது நைனா. நான் ஒரு யானை பண்ணிகினு இருந்தேன். தும்பிக்கை நிக்கவே இல்ல. நிக்கப் போற நேரத்துல நீ வந்து ஒதச்ச."

"ஒதச்சதாலதான் நீ இஞ்சினியரு."

"சரிதான். ஆனா யானை போச்சே. இத்தயும் போடுவேன்."

போடட்டும். எனக்கு யானைமேல் கோபமில்லை. வெறும் மண்மேலும் இல்லை. ஒரு பிள்ளைக்குச் சிலேட்டு, இன்னொரு பிள்ளைக்குச் சேறு என்று உட்கார வைத்தார்களே, அந்த இரண்டு வரிசைமேல்தான். இங்கே டாக்டர் பிள்ளையும் சேற்றில்தான் நிற்கிறது, வரிசை இல்லை, அது எனக்கும் தெரிகிறது. அது தெரிந்தும் வயிறு எரிகிறது. எங்கள் காலைக் கிழித்ததைப் பூப்படம் போட்டு விற்கிறார்களே.

குழாயடியில் அழுத நாளிலிருந்து மீரா என் கையைப் பிடிக்காமல் நடந்தாள். ரோடு கடக்கும்போதுகூடப் பை வாரைத்தான் பிடித்தாள். அது தாங்கவில்லை. எம்மா ஒருநாள் சிரித்துக்கொண்டே என்னை உள்ளே கூப்பிட்டு, இடுப்பில் ஒரு ஏப்ரன் கட்டி, தொட்டி பக்கத்தில் உட்கார வைத்தாள். பேத்திக்காக உட்கார்ந்தேன். கையை விட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், மீதியைக் கை செய்தது. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மணலைத் தூவி, உருண்டையை ஓங்கி அடித்து, விளிம்பை வழித்து, கவிழ்த்தேன். நாலு மூலையும் கத்திமுனை மாதிரி ஒரு கல். ஆத்தா அறுத்த அதே கல். பிள்ளைகள் கைதட்டினார்கள். எம்மா போட்டோ எடுத்து, கல்லைக் கண்ணாடி ஜன்னல் ஓரம் வைத்து, அட்டையில் என் பெயரை எழுதி மாட்டினாள். கைதட்டினால் எனக்கு அழுகை வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சந்தோஷத்தில் கண் கலங்குகிறது என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். ஆவடியில் எத்தனையோ சுவரில் ஆத்தா அறுத்த கல் இருக்கிறது, ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. எந்தச் சுவரையும் தாங்காத ஒரு கல்லுக்கு இங்கே பெயர் அட்டை.

"எனக்கும் சொல்லிக் குடு தாத்தா," என்று மீரா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாணாம் கண்ணு. உனக்கு இது வாணாம்," என்றேன். ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

அந்தக் கல்லை அறுத்து இன்றைக்கு மூன்றாம் நாள். சுடாத பச்சைக்கல்லை இன்று திருப்பி ஒருச்சாய்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஈரம் நின்று வெடித்துவிடும். இந்த ஊரில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். எம்மாவிடம் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. மீராவிடம் சொன்னால் ஓடிப்போய்ச் செய்துவிடுவாள், சின்னக் கைதான் அதற்குச் சரி. சூளையில் எனக்கு முதன்முதலாகக் கொடுத்த வேலையே கல் திருப்புவதுதான். அப்போது எனக்கும் நாலு வயது. காலையில் அவளை உள்ளே அனுப்பிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கல்லும் என் பெயரும். ஓரத்தில் மயிரிழை அளவு ஒரு விரிசல். மீரா உள்ளேயிருந்து, என்ன வேண்டும் என்பதுபோல் கையை ஆட்டிக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.